தேவகுமாரியின் ஐந்தாவது கட்டம்

கம்ப்யூட்டரில் பதினொரு திரை போதும் என்று சொன்னவர்கள் மூன்று பேர். அதில் நானும் ஒருவன். பத்தொன்பது வேண்டும் என்று நின்றது ஒருத்திதான். அவள் தேவகுமாரி. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என்னைப் பற்றியும் எழுத வேண்டி வரும் என்பதால்தான் இத்தனை வருஷம் தள்ளிப்போட்டேன்.

கொடைக்கானல் ஏழு ரோடு சந்திப்புக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில், டி.டி.பி. கடை ஒன்று இருந்தது. முதலாளி பாலமுருகன். மேல்மலைப் போளூர்க்காரன், பூண்டு விவசாயக் குடும்பம். மதுரையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து கடை போட்டான். பின்னறையில் அவன் அப்பா பூண்டு மூட்டைகளை அடுக்கியிருப்பார். அங்கே அடித்த கல்யாணப் பத்திரிகையைப் பிரித்தால் பூண்டு வாசம் வரும். தேவகுமாரி அங்கே தொண்ணூற்றொன்பதிலிருந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

என் நோட்டீசுகளையும் அங்கேதான் அடிப்பேன். நான் சேனாதிபதி. இருபது வருஷம் மலைத்தோட்டத் தொழிலாளர்களுக்கான ஒரு சங்கத்தில் முழுநேர ஊழியன். நோட்டீஸ் எழுதுவதுதான் எனக்குத் தெரிந்த எழுத்து. நான் எழுதிக் கொடுப்பதைப் படித்துவிட்டுத்தான் அவள் தட்டுவாள். மற்ற கடைகளில் படிக்காமலே தட்டுவார்கள்.

"தோழர், ஒரே பக்கத்துல பதினாலு ஆச்சரியக்குறி இருக்கு. நாலு வச்சுக்கிட்டு மிச்சத்த எடுத்துரவா?"

"கோவம் கொறைஞ்சிராதாம்மா?"

"மை மிச்சமாகும்."

இப்படித்தான் பேசுவாள். சிரிக்க மாட்டாள்.

அவள் அம்மா வீரம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எழுபதுகளில் கப்பலேறி மண்டபம் வந்து, அங்கிருந்து இந்த மலைக்கு அனுப்பப்பட்டவர். கீழ்மலையில் ஒரு காப்பித் தோட்டத்தின் லயத்தில்தான் தேவகுமாரி பிறந்தாள். லயம் என்றால் தோட்ட நிர்வாகம் கட்டிய வரிசை வீடு; ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. அப்பா அவளுக்கு நினைவு தெரியும் முன்பே போய்விட்டார். தொண்ணூற்று மூன்றில் அந்த லயத்தை விட்டு நாற்பத்தொரு குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. படிப்பு அறுந்தது. செண்பகனூருக்குக் கீழே ஒரு சரிவில் குடிசை போட்டார்கள். வீரம்மா காரட் கழுவப் போனார். மகள் தட்டச்சு படித்து, தனித்தேர்வராகப் பத்தாவது எழுதி, கடைக்கு வந்தாள்.

இன்டர்நெட் வந்த பிறகு பாலமுருகன் வெப்சைட் செய்ய ஆரம்பித்தான். வட்டக்கானலில் விடுதி நடத்தும் ஒருவர், அறையை முன்பதிவு செய்ய ஒரு பக்கம் கேட்டார். பாலமுருகன் மூன்று தரம் செய்து காட்டினான். மூன்று தரமும் அவர் தலையாட்டவில்லை. எது பிடிக்கவில்லை என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. தேவகுமாரி என் நோட்டீஸ் ஒன்றின் கழிவுத்தாளை எடுத்து, பின்பக்கத்தில் ஆறு கட்டம் போட்டு, பென்சிலால் வரைந்தாள்.

"ஆள் வந்ததும் மொதல்ல இதத்தான் பாப்பாரு. இந்தப் படத்தத் தொட்டா இங்க போகும். தேதி போட்டா இது வரும். ரூம் இல்லேன்னா இந்தப் பக்கம் திருப்பி விடணும். சரியாங்க?"

விடுதிக்காரர் பென்சிலை வாங்கி இரண்டு கட்டத்தை அடித்தார், ஒன்றைச் சேர்த்தார். ஒரே நாளில் முடிந்தது. அதன் பிறகு எந்த வேலை வந்தாலும் முதலில் அவள்தான் வரைவாள். கடையில் அதற்கு 'போர்டு' என்று பேர். ஒரு திரைக்கு ஒரு தாள். தாளோடு ஒரு நோட்டு. நோட்டில் கோடு இழுத்து நான்கு கட்டம்: திரை எண், என்ன தெரியும், எதை அழுத்தலாம், அழுத்தினால் என்ன ஆகும்.

ஐந்தாவது கட்டம் பிறகு வந்தது. விடுதியின் வெப்சைட்டில், முன்பதிவு செய்யும் முன்பு 'கடைசி அரை மைல் வண்டி போகாது, நடக்க வேண்டும்' என்று ஒரு திரை வைத்திருந்தாள். பாலமுருகன் ஆறு மாதம் கழித்து அழகு கெடுகிறது என்று அதைத் தூக்கிவிட்டான். அடுத்த வாரமே ஒரு வயதான தம்பதி நாலு பெட்டியோடு மழையில் நின்று விடுதிக்காரரைத் திட்டித் தீர்த்தார்கள். மறுநாள் தேவகுமாரி எல்லா நோட்டுகளிலும் இன்னொரு கோடு இழுத்தாள். தலைப்பு: ஏன்.

"இது இங்க ஏன் இருக்குன்னு எழுதி வைக்கலேன்னா, அடுத்தவரு தூக்கிருவாரு" என்றாள்.

"யாரைச் சொல்ற?" என்றான் பாலமுருகன்.

"பேர் போடலையே."

2006-ல் மதுரையைச் சேர்ந்த ஓர் அறக்கட்டளை செண்பகனூரில் ஒரு தகவல் மையம் திறக்க வந்தது. இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்காக. விரலால் தொட்டால் வேலை செய்யும் கம்ப்யூட்டர் ஒன்று அங்கே இருக்கும். அதிலேயே வீட்டுமனைக்கும் விதவை உதவிக்கும் மனுப் போடலாம். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு திரையும் பேசும். குரல் தேவகுமாரியுடையது. அறக்கட்டளை சார்பில் மணிமேகலை என்ற அம்மையார் வருவார். மக்கள் பிரதிநிதி என்று என்னைப் போட்டார்கள். சங்கத்தை விட்டு நான் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்தக் குடும்பங்களைத் தெரிந்தவன் என்று பேர். போர்டில் நான் கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும்.

இந்தப் போர்டு தேறினால் மலையில் இன்னும் நான்கு மையங்களின் வேலை தேவகுமாரிக்கு. தேறாவிட்டால் மதுரைக் கம்பெனி ஒன்றுக்குப் போய்விடும்.

"அப்புறம் நீ பழையபடி கல்யாணப் பத்திரிகைதான் அடிக்கணும், பாத்துக்க" என்றான் பாலமுருகன்.

முதலில் வரைந்தது பதினொரு திரை. அவளே வரைந்ததுதான். ஆனால் ஆட்களிடம் காட்டிப் பார்க்காமல் கொடுக்க மாட்டேன் என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு வாசலில் ஆறு பெண்களைக் கூட்டி வைத்தாள். பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் தாள்களை வைத்தாள். எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள்.

"இது வெறும் கடதாசி. ஆனா கம்ப்யூட்டர்னு நெனச்சுக்கங்க. இந்தக் கட்டத்தத் தொட்டா நான் அடுத்த தாள வைப்பேன். நான்தான் மிஷினு" என்றாள்.

"நீ மிஷினாப் போயிட்டா சோறு யாருடி ஆக்குறது?" என்றார் வீரம்மா.

"மொதல்ல நீ வாம்மா."

வீரம்மா வந்து உட்கார்ந்தார். இடதுகைப் பெருவிரலைச் சேலை முந்தியில் துடைத்தார். நீட்டிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மை எங்க?"

பெண்கள் சிரித்தார்கள். "மை வேணாம்மா, எந்த வெரலாலயும் தொடலாம்" என்றாள் தேவகுமாரி. வீரம்மா பெருவிரலையே வைத்தார். அழுத்தி, இப்படியும் அப்படியும் உருட்டி எடுத்தார். ரேகை சுத்தமாக விழ வேண்டுமென்றால் அப்படித்தான் உருட்ட வேண்டும். அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

அடுத்து வந்தது அழகம்மாள். ஒரே தாளில் மூன்று இடத்தில் பெருவிரலை வைத்தார். கேட்டதற்கு, "சில மனுவுக்கு மூணு கேப்பாக. பொறவு இன்னொருக்க வரச் சொல்லுவாக. எதுக்கு வம்பு?" என்றார்.

கடைசித் தாள் 'சம்மதம்' என்ற பட்டன் உள்ள திரை. அதை முதல் மூன்று பேர் தாள் பெட்டியில் படியும் முன்பே அழுத்திவிட்டார்கள். தேவகுமாரி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு புதுத்தாளில் என்னவோ எழுதி வந்து அதே இடத்தில் வைத்தாள். மற்ற மூன்று பேரும் அழுத்தினார்கள். முதல் மூன்று பேரும் எழுந்து வந்து மறுபடியும் அழுத்தினார்கள்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு படிக்கவா?" என்றாள். "'என் வீட்டு ஆட்டைப் பூண்டுக்கடை பாலமுருகனுக்குத் தர முழுச் சம்மதம்.'"

வாசலே அதிர்ந்தது.

"அடி சண்டாளி! அந்தப் பூண்டுப் பயலுக்கா?"

"எனக்கு ஆடே இல்லியே! வாங்கிக் குடுக்கணுமா?"

"அடியே, ஒனக்குச் சினையாடுடி. குட்டியும் சேந்து போச்சு!"

எல்லாரும் சிரித்தார்கள். தேவகுமாரி சிரிக்கவில்லை.

"அமுக்குறதுக்கு முந்தி என்னான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியாம்மா?"

வீரம்மா என்னைக் காட்டினார். "தலைவரு ஒக்காந்திருக்காரு. அவரு இருக்கையில என்னாத்தக் கேக்கிறது?"

அதோடு விடவில்லை. குடும்ப அட்டையை எடுத்து வந்தார். கப்பலேறும்போது கொடுத்த அட்டை. உறைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு மஞ்சள் தாளைப் பிரித்து, கம்ப்யூட்டர் பார்க்க வந்த பெண்களுக்குக் காட்டினார்.

"கம்பெனிக்காரன் எங்க ரேகையக் கள்ளத்தனமாப் போட்டு லயத்த விட்டுத் தொரத்துனான். யாரு கேட்டா? தலைவருதான் கேட்டாரு. அன்னைக்கு இவரு போட்ட நோட்டீசு. பதிமூணு வருசமா இதுக்குள்ளதான் கெடக்கு."

பெண்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். டீ கொண்டுவந்தார்கள். குடித்தேன்.

அந்த ரேகைகள் போலி அல்ல. அது எனக்குத் தெரியும்.

கீழ்மலை லயங்களுக்கு நடந்து போக அரை நாள் ஆகும். ஒவ்வொரு மனுவுக்கும் ரேகை வாங்க அப்படி நடக்க முடியாது. அதனால் எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வெற்றுத்தாள் கட்டைக் கொண்டுபோய், அடிப்பக்கம் ரேகை வாங்கி வைத்துக்கொள்வோம். மனு எழுத வேண்டிய நாளில் மேலே எழுதிக்கொள்வோம். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்குக்கு, பேர் கொடுக்கிற மாதிரி பெண்கள் வரிசையில் வந்து பெருவிரலை வைப்பார்கள். தாள் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்கவிடாமல் நான் வேகமாக நகர்த்துவேன். தொண்ணூற்று மூன்றில் பேச்சுவார்த்தை மேசையில் அந்தக் கட்டு வெளியே வந்தது. மேலே, 'இழப்பீட்டைப் பெற்றுக்கொண்டு லயத்தைக் காலி செய்யச் சம்மதம்' என்று எழுதியிருந்தது. எழுதியது எனக்கு மேலிருந்த சங்கத் தலைவர். வீரம்மாவின் ரேகையை அங்கேயே அடையாளம் கண்டேன். காப்பிச் செடியைக் கழிக்கும் கவாத்துக் கத்தி வெட்டிய தழும்பு அவர் பெருவிரலுக்குக் குறுக்கே ஓடும். ரேகையில் அது ஒரு வெள்ளைக்கோடாக விழும்.

"வேற வழியில்ல சேனாதிபதி. வழக்குன்னு போனா பத்து வருசம்" என்றார் தலைவர், வெளியே வந்த பிறகு.

நான் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஊருக்கு வந்து நோட்டீஸ் எழுதினேன். 'போலி ரேகை! பகல் கொள்ளை! நிர்வாகமே, பதில் சொல்!' ஆதாரம் இருந்தால் கனமாக இருக்கும் என்று, அந்தக் கட்டின் கடைசித் தாளையே அச்சுக்குப் பிளாக் எடுத்து நோட்டீசின் பின்பக்கத்தில் அச்சடித்தேன். அந்த வருஷம் நான் எழுதியதிலேயே நல்ல நோட்டீஸ் அதுதான் என்று எல்லாரும் சொன்னார்கள்.

மறுவாரம் தேவகுமாரி புதுப் போர்டைக் காட்டினாள். எங்கெல்லாம் ஒரு பட்டன் மனுவை அனுப்புகிறதோ, அழிக்கிறதோ, சம்மதம் கேட்கிறதோ, அங்கெல்லாம் அதற்கு முன்னால் ஒரு திரை. 'இதை அழுத்தினால் இன்னது நடக்கும்' என்று அவள் குரல் சொல்லும். கீழே இரண்டு பட்டன்: 'சரி, போகலாம்', 'வேண்டாம், திரும்பு'. எட்டுத் திரை கூடி, மொத்தம் பத்தொன்பது.

"அஞ்சாவது கட்டம் எழுதணும் தோழர். நம்ம பொம்பளைங்க ஏன் கேக்காம அமுக்குறாங்க? எனக்குத் தெரியல. நீங்கதான் அவங்களோட இருந்தவரு. எழுதிக் குடுங்க."

பேனாவை வாங்கினேன். 'மக்களின் அறியாமை' என்று எழுதினேன். இருபது வருஷப் பழக்கம்.

அவள் அதை இரண்டு தரம் படித்தாள். நோட்டை மூடினாள்.

கூட்டம் கடை மாடியில் நடந்தது. மணிமேகலை தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கெட்டிக்காரர். கெட்ட எண்ணம் உள்ளவர் அல்ல.

"போர்டு ரொம்ப நல்லாருக்கும்மா. ஆனா ஒரு மனுவுக்குப் பத்தொன்பது ஸ்க்ரீனா? க்யூ மெயின் ரோடு வரைக்கும் நிக்குமே. இந்த எட்டும் எதுக்கு?" ஐந்தாவது கட்டத்துக்கு விரல் போனது. "'அறியாமை'ன்னு போட்டிருக்கீங்க. அறியாமைன்னா ஒரு நாள் ட்ரெய்னிங் வச்சிடலாமே. எட்டு ஸ்க்ரீன் வேண்டியதில்லையே."

"அதத்தான் மேடம் நானும் சொன்னேன்" என்றான் பாலமுருகன்.

"அறியாமை இல்லைங்க மேடம்" என்றாள் தேவகுமாரி. "அன்னைக்கு வந்த ஆறு பேருல ரெண்டு பேரு எழுத்துக்கூட்டிப் படிப்பாங்க. அவங்களும் படிக்காமத்தான் அமுக்குனாங்க. வேற என்னமோ இருக்கு."

"என்ன இருக்கு?"

"தெரியலைங்க."

"சார், நீங்க சொல்லுங்க" என்று என் பக்கம் திரும்பினார் மணிமேகலை.

தேவகுமாரியும் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை. உதவிக்கு ஆள் வந்துவிட்டது என்ற பார்வை.

"பதினொண்ணே போதும்" என்றேன்.

மணிமேகலை வெள்ளிக்கிழமைக்குள் பதினொரு திரையோடு போர்டை முடித்து, என் கையெழுத்தோடு அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார். தேவகுமாரி தாள்களைக் கூட்டிச் சேர்த்து, விளிம்பை மேசையில் தட்டி நேர் செய்தாள். எட்டுத் தாளை மட்டும் பிரித்துத் தனியே வைத்தாள். கிழிக்கவில்லை. நான் படியிறங்கும்போது பாலமுருகன், "விடு தாயி, ஒனக்கு என்ன சோலி அதுல? கேட்டதச் செஞ்சு குடுப்போம்" என்று சொல்வது கேட்டது.

வியாழக்கிழமை காலை என் அறைக்கு வந்தாள். கையில் நோட்டும் ஒரு காகித உறையும். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நீங்க எழுதுனத அழிச்சுட்டேன் தோழர். பொய்யின்னு சொல்லல. சரியா இருக்கான்னு தெரியாதத அந்தக் கட்டத்துல எழுதக் கூடாது. காலியா விட்டிருக்கேன்."

"சரிம்மா."

"அம்மா வச்சிருக்கிற நோட்டீசக் கடையில ஸ்கேன் பண்ணுனேன். வேற எதுக்கும் இல்ல. எங்க ஆளுக எந்த மாதிரிக் கடதாசியில எல்லாம் கை வச்சிருக்காங்கன்னு பாக்கணும்னு நெனச்சேன். பின்பக்கத்துல இருக்கிறதப் பெருசு பண்ணுனேன்."

உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரேகை. குறுக்கே ஒரு வெள்ளைக்கோடு. அதன் பக்கத்தில் இன்னொரு தாள்; ஸ்டாம்ப் பேடில் தொட்டு வைத்த புது ரேகை. அதிலும் கோடு. அதே இடம், அதே சாய்வு.

"இது இன்னைக்கு வெள்ளனே அம்மாகிட்ட வாங்குனது. எதுக்குன்னு சொல்லித்தான் வாங்குனேன். 'நோட்டீசுல இருக்கிறது ஒன் வெரலான்னு பாக்கணும்மா'ன்னேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"கொஞ்ச நேரம் வெரலப் பாத்துச்சு. அப்புறம் நீட்டுச்சு."

ஜன்னலுக்கு வெளியே டவுன் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அது போய் முடியும்வரை காத்திருந்தாள்.

"போலி ரேகையில தழும்பு எப்படி வந்துச்சு தோழர்?"

பதிமூன்று வருஷமாக அந்த நோட்டீஸ் நாற்பத்தொரு வீட்டில் இருந்தது. அந்தப் படத்தை யாரும் பார்க்கவில்லை. நான் நிர்வாகம் என்று எழுதியிருந்ததால் நிர்வாகம் என்று நம்பினார்கள். பார்த்து வேலை செய்கிற ஒருத்தியிடம் அது வந்த சில நாளிலேயே பிடிபட்டேன். நானாகச் சொல்லவில்லை. இதைப் படிக்கிறவர்கள் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சொன்னேன். அவள் நின்றபடியே நோட்டைப் பிரித்துக் கேள்வி கேட்டாள். விடுதிக்காரரிடம் கேட்பது போலவே கேட்டாள்.

"எத்தனை தாளு?"

"நாப்பத்தொண்ணு."

"மேல எழுதுனது யாரு?"

தலைவர் பெயரைச் சொன்னேன்.

"நீங்க எப்பப் பாத்தீங்க?"

"கையெழுத்தான அன்னைக்கே."

"அதுக்குப் பொறவுதான் நோட்டீசு எழுதுனீங்களா?"

"ஆமா."

"அந்த ஆச்சரியக்குறியெல்லாம்?"

"நான் வச்சதுதாம்மா."

அவள் தலையை நிமிர்த்தவில்லை. எழுதிக்கொண்டே இருந்தாள். பதினான்கு வயதில் அவள் தலையில் பாத்திர மூட்டையோடு லயத்திலிருந்து இறங்கிய நாளில் நானும் அந்தப் பாதையில் நின்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தேன். அதுவும் அவளுக்கு நினைவிருக்கும்.

"படிக்கிறேன், கேளுங்க" என்றாள்.

'ஏன்: இந்தத் திரையைப் பயன்படுத்தப் போகிறவர்களிடம் 1993-ல் அவர்கள் நம்பிய சங்கம் வெற்றுத்தாளில் ரேகை வாங்கியது. லயத்தைக் காலி செய்யச் சம்மதம் என்று அதன் மேல் பிறகு எழுதப்பட்டது. ரேகைகள் உண்மையானவை. வாங்கியவர் சேனாதிபதி. நாற்பத்தொரு குடும்பம். கேட்காமல் அழுத்த அவர்கள் பழக்கப்பட்டது இப்படித்தான். அதனால் அழுத்தினால் என்ன ஆகும் என்று முன்னால் சொல்லாமல் எந்தப் பட்டனும் வைக்கக் கூடாது. இந்த எட்டுத் திரையை எடுக்கக் கூடாது.'

ஓர் ஆச்சரியக்குறிகூட இல்லை.

"சரியா இருக்கா? கூட இருக்கா, கொறைய இருக்கா?"

"சரியாத்தான் இருக்கு."

அவள் நோட்டை என் பக்கம் திருப்பினாள். நான் பேனாவைத் தேடினேன். அவள் கையை நோட்டின் மேல் வைத்து மறைத்தாள்.

"பொறுங்க. நீங்க இதுல கையெழுத்துப் போட்டா இது நாளைக்கு மணிமேகலை மேடத்துக்குப் போகும். அங்கேருந்து டிரஸ்ட் ஆபீசுக்குப் போகும். ஒரு காப்பி மையத்துலயே இருக்கும். யாரு கேட்டாலும் படிச்சுக் காட்டணும்னு விதி. எங்கம்மா கேக்கும். நான்தான் படிச்சுக் காட்டுவேன். ஒரு வார்த்தை மாத்த மாட்டேன். அப்புறம் உங்கள ஏழு ரோட்டுல யாரு எப்படிக் கூப்புடுவாங்கன்னு எனக்குத் தெரியாது." கொஞ்சம் நிறுத்தினாள். "வேணாம்னா இப்பவே சொல்லலாம். கட்டத்தக் காலியாவே விட்டுட்டுப் போயிருவேன். எட்டும் போயிரும், எட்டு இல்லாத போர்ட நான் குடுக்க மாட்டேன், அதுனால எனக்கும் வேலை போயிரும். ஆனா உங்க பேரு வராது. எல்லாம் கேட்டுட்டுப் போடுங்க."

என்னிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை. வேண்டாம் என்ற சொல் நாக்குவரை வந்தது. கையெழுத்துப் போட்டேன். தேதியை மறந்துவிட்டேன். அதை அவள் கேட்டு வாங்கினாள்.

மணிமேகலை அதைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்யவில்லை. கடைக்கு மட்டும் ஒரு வரி வந்தது: பத்தொன்பதும் இருக்கட்டும், மற்ற நான்கு மையங்களுக்கும் இதே போர்டு.

தை மாதம் மையம் திறந்தது. நான் உள்ளே போகவில்லை. வாசல் படியில் நின்றேன். அங்கிருந்து கம்ப்யூட்டர் தெரியும். வரிசையில் முதலாவதாக வீரம்மா நின்றார். தேவகுமாரி ஓரமாக நோட்டோடு நின்றாள். அம்மாவுக்கு அதற்கு முன்தினம்தான் ஐந்தாவது கட்டத்தைப் படித்துக் காட்டியிருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

திரை மகளின் குரலில் பேசியது. இதை அழுத்தினால் உங்கள் வீட்டுமனை மனு மதுரை டிரஸ்ட் ஆபீசுக்குப் போகும், அதன் பிறகு மாற்ற முடியாது என்றது. வீரம்மா அழுத்தவில்லை. இன்னொரு தரம் பேச வைத்தார். மறுபடியும் பேச வைத்தார்.

"வெரசா அமுக்கு வீரம்மா, பஸ்ஸு போயிரும்!" என்றார் பின்னாலிருந்த அழகம்மாள்.

"நீ பேசாம நில்லு. என்னான்னு கேட்டுட்டுத்தான்."

வலதுகை ஆள்காட்டி விரலை நீட்டினார். 'வேண்டாம், திரும்பு' என்ற பட்டனைத் தொட்டார். வரிசை முழுக்க முனகியது. திரை முந்தைய பக்கத்துக்குப் போனது. உண்மையிலேயே போகிறதா என்று குனிந்து பார்த்தார். போயிருந்தது. மறுபடி முன்னால் வந்து, மறுபடி முழுவதையும் கேட்டு, அதன் பிறகுதான் 'சரி' என்றதைத் தொட்டார்.

வெளியே வந்தவர் படியில் என்னைப் பார்த்தார். தலைவரே என்று கூப்பிடவில்லை. எதுவும் கூப்பிடவில்லை. குடும்ப அட்டையின் உறையைத் திறந்து அந்த மஞ்சள் தாளை எடுத்தார்.

"இது உங்களுது. உறை கிழியுது. இதுக்கு எடமில்ல."

என் கையில் வைத்துவிட்டு டவுன் பஸ்ஸுக்கு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையிலிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு முன்னால் திரும்பிக்கொண்டார்கள்.

உள்ளே தேவகுமாரி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒருநாள் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். முதல் நாள், முதல் ஆள் என்று எழுதி, கீழே ஒரே வரி இருந்தது: 'வேண்டாம்' பட்டனை முதலில் அழுத்திப் பார்த்தார். வேலை செய்கிறது.